அந்த ரெண்டாயிரம் ரூபா

ஞாயித்துக்கிழமையில இருந்து அந்த வீடியோவ பதினஞ்சு பேராவது எனக்கு அனுப்பிட்டீங்க. பார்த்துட்டேன், போதும். மலை ரோட்டுல மாட்டின அவங்க வண்டிய ஜீப்ப வச்சு இழுத்து விட்ட உள்ளூர்க்காரர் ரெண்டாயிரம் கேட்டாருன்னு புலம்பி, மேல "ஜீப் மாஃபியா"ன்னு எழுதி, அந்த வயசான மனுஷன் மூஞ்சில டார்ச் அடிச்சு எடுத்த அதே வீடியோதான்.

அவங்க ஏறிப் போன மலைக் குடிலோட பேர இங்க எழுத மாட்டேன். எழுதினா அடுத்த வாரம் இருபது தார் ஜீப் அங்க வரிசை கட்டி நிக்கும்.

நடந்தது என்ன? சாயங்காலம் மழை. "இருட்டுல ஏறாதீங்க தம்பி, மூணாவது கொண்டை ஊசில மண்ணு இளகிக் கெடக்கு"ன்னு அந்த ஜீப்கார அண்ணன் கீழ டீக்கடையிலயே சொல்றாரு. (இது அவங்க வீடியோவுலயே இருக்கு, வெட்ட மறந்துட்டாங்க.) கேக்கல. ராத்திரி ஒன்பதரைக்குப் பின்சக்கரம் ஓடைக்குள்ள. டவர் இல்லாத இடம். ரெண்டு பேர் நடந்தே இறங்கி அவர எழுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. முக்கால் மணி நேரம் கயிறு கட்டி இழுத்து வெளிய எடுத்துட்டுக் கேட்டாரு, ரெண்டாயிரம். அது கொள்ளையாம்.

கணக்குப் போடுங்க சார். லோ கியர்ல இழுவை ஏறக்குறைய ரெண்டரை மடங்கு ஏறும், சரி. ஆனா சேத்துல புதைஞ்ச வண்டிய ஏத்தத்துல இழுத்தா யாரோட கிளட்ச் கருகும்? கயிறு அறுந்தா யாரு மண்டை உடையும்? கிளட்ச் பிளேட் மாத்தினாலே ரெண்டாயிரத்துக்கு மேல ஆகும். உங்க வண்டில மாட்டின எல்இடி பாரோட விலை என்னன்னு நான் கேக்கல.

"டூரிஸ்ட்ட ஏமாத்துற ஜீப்காரனே இல்லையா?"ன்னு வருவீங்க. இருக்கான். எல்லா ஊர்லயும் இருக்கான். அத இன்னொரு நாள் பேசலாம். கொழுக்குமலை போறப்ப சூரியநெல்லில காசக் குடுத்துட்டு உள்ளூர் ஜீப்புல குலுங்கிக் குலுங்கி ஏறி, சூரியன் வர்றத செல்ஃபி எடுத்துப் போடுறீங்கல்ல? அங்க வராத மாஃபியா, சொந்தமா வண்டி வாங்கினதும் எங்க இருந்து வந்துச்சு? 2018 மார்ச்சுல குரங்கணில காடு எரிஞ்சப்ப மொதல்ல மேல ஓடினதும் இந்த மாதிரி உள்ளூர் ஜனங்கதான்.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. 2019ல இதே ரோட்டுல என் பழைய மஹிந்திரா ஜீப் எம்எம் 540 நின்னுச்சு. (வண்டில பாதி புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ், மீதி கடவுள் புண்ணியம்.) ஃபோர் வீல் போட்டும் முன்சக்கரம் அசையல. கியர்பாக்ஸ் போச்சுடான்னு தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். இதே அண்ணன்தான் வந்தாரு. குனிஞ்சு பார்த்துட்டு முன்சக்கரங்களோட நடுவுல இருக்குற ரெண்டு ஹப்பையும் கையால திருகி லாக் பண்ணாரு. அவ்ளோதான். ஹப் லாக் பண்ணலன்னா முன்சக்கரத்துக்கு இழுவையே போகாதுங்கிறது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். டயர்ல காத்த இருபதுக்கு இறக்கிட்டு, "ஃபர்ஸ்ட்லயே போ தம்பி, பிரேக்க மிதிக்காத"ன்னு குடில் வரைக்கும் முன்னாடி நடந்தே வந்தாரு. ஐநூறு கேட்டாரு. நான் பேரம் பேசி முந்நூறு குடுத்தேன். வாங்கிட்டு கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தாரு.

இத நேத்து அந்த வீடியோ கீழ எழுதினேன். வந்த பதில்: "தண்டையார்பேட்டைக்காரனுக்கு எதுக்குப்பா ஃபோர் பை ஃபோர், மீன்பாடி வண்டி போதாதா?" நூத்திச் சொச்சம் லைக். அதுல எனக்குத் தெரிஞ்ச பேரும் மூணு.

எதுக்குன்னா, சொல்றேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப கணேசபுரம் சப்வே முங்கி, வியாசர்பாடில இடுப்பளவு தண்ணி. பால் பாக்கெட்டும் பிரெட்டும் ஏத்திக்கிட்டு ரெண்டு நாள் ஓட்டினேன். டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு பெரியம்மாவ மடியில தூக்கிட்டு அவங்க பையன் என் பின்சீட்டுல உக்காந்திருந்தான். அப்புறம் ஆக்சில் ஆயில இறக்கினா பால் டீ மாதிரி கொட்டுது, அவ்ளோ தண்ணி உள்ள. எங்க ஏரியாவுல ஆஃப்ரோடுக்கு மலை வேணாம் சார், ஒரு மழை போதும். அப்ப உங்க கான்வாய் ஒண்ணும் பாலத்தத் தாண்டி இந்தப் பக்கம் வரலியே?

நான் யார்கிட்டயாவது ஐம்பது ரூபா கேட்டிருந்தா என்னையும் மாஃபியான்னுதான் வீடியோ போட்டிருப்பீங்க. சரி, விடுங்க. எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ வந்துட்டேன். ரெண்டாயிரம் ஜாஸ்தின்னு இன்னும் தோணுறவங்க தாராளமா அன்ஃபிரெண்ட் பண்ணிக்கலாம். அந்த மூணு பேரையும் சேத்துத்தான் சொல்றேன்.

அடுத்த மாசம் மேல போறேன். பகல்லதான் ஏறுவேன். அண்ணனுக்குக் குடுக்க காசிமேட்டுல ரெண்டு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி வச்சிருக்கேன், வண்டியெல்லாம் நாறுதுன்னு வீட்ல ஒரே திட்டு. பாக்கி இருநூறு ரூபாயும் டேஷ்போர்டுல இருக்கு.