பழைய வண்டி, அப்படித்தானாம்!

"பழைய வண்டிதானே அண்ணன், அப்படித்தான் இருக்கும்." இனி யாராவது என் முகத்துக்கு நேரே இதைச் சொல்லட்டும். அவரை என் சாமான் ஏற்றும் கெப்பின் முன்சீட்டில் இருத்தி, ஸ்டியரிங் கழன்ற வண்டியில் கொழும்பு பேஸ்லைன் வீதியைச் சுற்றிக் காட்டுகிறேன். அப்புறம் சொல்லட்டும், எப்படி இருக்கும் என்று.

போன செவ்வாய் காலை, நாலாம் குறுக்குத் தெருவில் பன்னிரண்டு மூட்டை வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வருகிறேன். ஜிந்துப்பிட்டிப் பக்கம் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கீழே 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். வலது சக்கரம் நான் சொன்ன பக்கம் போனது. இடது சக்கரம் தன்பாட்டில் வீதியோரக் கானைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரே வண்டியில் இரண்டு சக்கரமும் சண்டை பிடித்த புருஷன் பெண்சாதி மாதிரி ஆளுக்கொரு பக்கம்! நல்ல வேளை, அந்த நேரத்து நெரிசலில் நடந்து போகிறவனே என்னை முந்திக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக டிராபிக்குக்கு நன்றி சொன்னேன். இதே சத்தம் முதல் நாள் பேலியகொடைப் பாலத்தில் கேட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பின்னால் பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் ஒரு வெற்றுச் சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுத்தேன். டை ரொட் எண்ட், அதாவது ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புக் கோலின் முனை மூட்டு, தன் இடத்தைவிட்டு இறங்கித் தொங்குகிறது. அதன் தண்டை மேலே பிடித்து வைத்திருக்க வேண்டிய நட்டைக் காணோம். அந்த நட்டின் தலையில் கிரீடம் மாதிரி வெட்டு இருக்கும், அது கழன்று வராமல் குறுக்கே ஒரு ஸ்ப்லிட் பின் போட்டு இரண்டு முனையையும் மடக்கி விடுவார்கள். என் வண்டியில் அந்த ஓட்டையில் என்ன இருந்தது தெரியுமா? கட்டுக்கம்பி! கட்டிடத்தில் இரும்புக்கம்பி கட்டுகிறார்களே, அதே கம்பி. துருப்பிடித்து, அறுந்து, ஒரு அங்குலத் துண்டு.

ஒரு ஸ்ப்லிட் பின்னின் விலை ஒரு பிளேன் டீக்குக் காணாது. அதற்குப் பதிலாக என் உயிரைக் கம்பியால் கட்டிவிட்டிருக்கிறார் ஒரு மகராசன்.

இது ஒரு நாளில் வந்த வினை இல்லை. ஆறு மாதமாக ஸ்டியரிங் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு விரல் அளவு திருப்பினாலும் சக்கரம் அசையாது. முதலாவது கராஜில் மெக்கானிக் பாஸ் வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. பொனட்டைத் திறந்து, ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்கு மாற்றும் பற்சக்கரப் பெட்டியான ஸ்டியரிங் பொக்ஸின் தலையில் இருக்கும் ஸ்குரூவை ஒரு சுற்று இறுக்கிவிட்டு, "பய வென்ன எபா மாத்தயா" என்றார். பயப்பட வேண்டாமாம். ஆட்டம் குறைந்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை, நான்தான் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அந்த ஸ்குரூ பொக்ஸுக்குள் பற்கள் தேய்ந்தால் அளவாக இறுக்குவதற்கு. தேய்ந்தது கீழே கோல்களை இணைக்கும் மூட்டுகளான 'போல் ஜொயின்டும்' 'ஐட்லர் ஆர்ம் புஷ்ஷும்' என்றால், மேலே இறுக்கி என்ன பிரயோசனம்? நல்லாயிருந்த பொக்ஸும் சேர்ந்து நாசம். காய்ச்சல்காரனுக்குச் செருப்பை இறுக்கிக் கட்டிவிட்ட கதை.

இரண்டாவது ஆள் சக்கரங்களை நேராக்கும் வீல் எலைன்மென்ட் செய்து காசு வாங்கினார். ஆடுகிற ஜொயின்டை வைத்துக்கொண்டு எலைன்மென்டாம்! மூன்றாவது ஆள்தான் டை ரொட் எண்ட் மாற்ற வேண்டும் என்று சரியாகச் சொன்னார். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி, கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி மினுக்கிய பழைய சாமான்களையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, சொன்ன விலைக்கு நல்லதாக வாங்கிக் கொடுத்தேன். அவர்தான் அந்தக் கம்பி மகராசன்.

இன்னொரு கூத்து. இந்த ஆட்டத்தோடுதான், வண்டி வீதியில் ஓட வருஷா வருஷம் எடுக்கிற வருமான அனுமதிப் பத்திரத்தை இந்த வருஷமும் எடுத்தேன். புகைக்குழாய்க்குள் கருவியை விட்டு அளந்தார்கள், கடதாசி தந்தார்கள். என் வண்டியின் மூச்சு சுத்தமாம். அது திரும்புமா என்று ஒரு மனிதன் கேட்கவில்லை.

வண்டியை மாற்று என்று மச்சான் லேசாகச் சொல்கிறான். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷமும் ஓட்டை வண்டிக்கெல்லாம் மாப்பிள்ளை விலை. இப்போது கப்பலில் வருகிறதன் விலையைக் கேட்டால் வெங்காயம் உரிக்காமலே கண்ணீர் வருகிறது. கொழும்பில் பழைய கெப்பை வைத்திருக்கிறவன் ஆசைக்கா வைத்திருக்கிறான்?

பழைய வண்டிக்கு இது சகஜம் என்கிறவர்களுக்கு ஒன்று. டொயோட்டாக்காரன் ஹைலக்ஸ் வண்டிகளில் இரண்டு சக்கரத்தையும் ஸ்டியரிங்கோடு இணைக்கும் ரிலே ரொட் உடைகிற குறைக்காக 2004இல் ஜப்பானில் வண்டிகளைத் திரும்ப அழைத்தான். அமெரிக்காவில் 2005இல்தான் அழைத்தான். அந்தத் தாமதத்துக்கு 2010இல் அமெரிக்க அரசாங்கம் ஒரு கோடியே அறுபது லட்சம் டொலருக்கு மேல் அபராதம் போட்டது. அதிலும் பெரும்பாலானவை பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய வண்டிகள். என் வண்டி அந்தக் கம்பெனி இல்லை, குறையும் வேறு. ஆனால் அங்கே யாரும் 'அப்படித்தான் இருக்கும்' என்று தோளைத் தட்டி அனுப்பவில்லை.

இப்போது நானே பார்க்கப் பழகிவிட்டேன். சக்கரம் நிலத்தில் இருக்க மகன் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்டுவான், நான் கீழே படுத்து ஒவ்வொரு ஜொயின்டிலும் விரலை வைத்துப் பார்ப்பேன். தேய்ந்தது விரலுக்குள் 'டக் டக்' என்று சொல்லிவிடும். ஜக் அடித்துத் தூக்கி, டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினாலும் தெரியும். பத்து நிமிஷ வேலை. மூன்று கராஜில் ஒருவருக்கும் அந்தப் பத்து நிமிஷம் இருக்கவில்லை.

நேற்று மூன்றாமவருக்குப் போன் எடுத்து, ஸ்ப்லிட் பின் எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "அன்றைக்குக் கையில் இருக்கவில்லை அண்ணன். திரும்ப வருவீங்கள், அப்போது போடலாம் என்று நினைத்தேன்."