நூறு கையெழுத்து வாங்கினால் பெர்மிட் கிடைக்காதா?

"அக்கம்பக்கத்தில் நூறு பேர் கையெழுத்துப் போட்டால் போதும், ஸ்பெஷல் யூஸ் பெர்மிட்டை ஊராட்சி தரவே முடியாது." நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்புப் பகுதியில் கோயிலோ குழந்தைகள் காப்பகமோ வரும்போதெல்லாம் இப்படி ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. இது தவறு.

வேரியன்ஸ் என்ற இன்னொரு வகை அனுமதி, விதியிலிருந்து விலக்கு. ஸ்பெஷல் யூஸ் பெர்மிட் அப்படியல்ல. கோயில், காப்பகம் போன்ற அந்தப் பயன்பாட்டை மண்டல விதியே, அதாவது எந்தப் பகுதியில் என்ன வரலாம் என்று ஊர் வகுத்த விதியே, ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது. சில நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும், அவ்வளவுதான். விதியில் அது இடம்பெற்றதே, அந்தப் பகுதிக்கு ஒத்துவரும் என்று ஊர் முடிவுசெய்ததற்குச் சமம். 1972-ல் தாமஸ்டன் கிராமத்து உணவகம் ஒன்றின் வாகன நிறுத்துமிட வழக்கில் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதைத்தான்.

பொது விசாரணை நடக்கும், யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் அது வாக்கெடுப்பு இல்லை. "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது எடுபடாது. ஞாயிறு காலை எத்தனை கார் வரும், எதிரே வரும் வண்டி வளைவில் தெரியுமா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஆதாரத்தோடு பேசினால், பெர்மிட்டை முடிவுசெய்யும் வாரியம் கேட்டே ஆகவேண்டும். பெரும்பாலும் அதன் விளைவு மறுப்பாக இருக்காது; வேலி, விளக்கு, நேரக் கட்டுப்பாடு என நிபந்தனையாக வரும்.

அப்புறம், விண்ணப்பித்தாலே பெர்மிட் உறுதி என்று விண்ணப்பிப்பவர் தரப்பு பரப்புவதும் சரியில்லை. நிபந்தனை ஒன்று நிறைவேறாவிட்டாலும் மறுக்கலாம்.