ஜேம்ஸ் பர்ட்டன் வெறும் "பின்னாடி நின்ன ஆளு" இல்லீங்க

நேத்து அந்தப் பதிவு என்னா ஓட்டம் ஓடுச்சுன்னு பாத்திருப்பீங்க, லிங்க் தரப் போறதில்ல. "சூசி க்யூ" பாட்டோட ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற அந்தக் கிட்டார் துணுக்கு) க்ரீடன்ஸ்ங்கிற ராக் பேண்ட் போட்டதாம். கமெண்ட்ல ஒருத்தர் கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் பர்ட்டன் பேரைச் சொன்னதுக்கு "யாரு, எல்விஸ் பின்னாடி நின்னாரே அவரா?"ன்னு ஒரு பதில், அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு. மனசு ஆறவே மாட்டேங்குது.

க்ரீடன்ஸ் வாசிச்சது 1968ல. டேல் ஹாக்கின்ஸ் பாடின ஒரிஜினல் 1957, லூசியானாவுல ஷ்ரீவ்போர்ட் ரேடியோ ஸ்டேஷன்ல பதிவானது. அந்த ரிஃப் பர்ட்டனோடது, அப்ப அவருக்கு 17 வயசு! பாட்டு எழுதினவங்கன்னு மூணு பேர் போட்டிருக்கு: பாடகர், ரெக்கார்டு கடைக்காரர் ஸ்டான் லூயிஸ், அப்புறம் ஒரு ரேடியோ டிஜேவோட மனைவி. டிஜே மனைவிக்குக்கூட இடம் இருந்திருக்கு, பர்ட்டனுக்கு இல்ல.

"செஷன் ஆளுன்னா காசு வாங்கிட்டு வாசிக்கிறவர்தானே, பேரு எதுக்கு"ன்னு கேப்பீங்க. கூலி குடுத்துட்டா பேரை எடுத்துக்கலாமா? நானும் ஒரு காலத்துல பக்திப் பாட்டு கேசட்டுக்கெல்லாம் கிட்டார் வாசிச்சவன்தான், ஒரு கேசட் அட்டையில டீ வாங்கிக் குடுத்த தம்பி பேரு வரைக்கும் இருந்துச்சு, என் பேரு இல்ல, அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு திருப்பித் திருப்பித் தேடினாங்க. அதனால இத சும்மா ஒரு தகவல் பிழைன்னு என்னால கடந்து போக முடியல.

அந்தாளு கை எப்படி வேலை செய்யும்னு பாத்திருக்கீங்களா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நடுவுல ஃப்ளாட் பிக் (கம்பி சுண்டுற சின்னத் தகடு), நடுவிரல்ல மாட்டின ஒரு ஃபிங்கர் பிக், ரெண்டும் மாறி மாறி அவரோட டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் கம்பியச் சுண்டும்போது கோழி கொக்கரிக்கிற மாதிரி அறுத்து அறுத்து வரும், சிக்கன் பிக்கின்னு சொல்றது அதைத்தான். அப்ப கடையில கிடைச்ச கம்பியெல்லாம் தடிமன், இழுத்து வளைக்க வராது, அதனால பேஞ்சோ வாத்தியத்தோட மெல்லிசுக் கம்பிய வாங்கி மாட்டினவரு. 1961ல வந்த பாடகர் ரிக்கி நெல்சனோட "ஹலோ மேரி லூ"வுல பர்ட்டன் தனியா வாசிக்கிற சோலோவ நானும் வாசிச்சுப் பழகினேன், நோட்டு வந்துடுச்சு, அந்தத் துள்ளல் இன்னும் வரல.

சரி, எல்விஸுக்கே வருவோம். 1969ல லாஸ் வேகஸ் மேடைக்குத் திரும்பும்போது பேண்ட் சேக்கச் சொல்லி எல்விஸ் கூப்பிட்டதே பர்ட்டனைத்தான். 1977ல எல்விஸ் சாகுற வரைக்கும் கூடவே இருந்தாரு. மேடையில சோலோ வந்தா "ப்ளே இட், ஜேம்ஸ்"னு அவரே பேர் சொல்லிக் கூப்பிடுவாரு, ரெக்கார்டிங்லயே கேக்கும். எல்விஸ் சொன்ன பேரைச் சொல்ல உங்களுக்கு என்ன கஷ்டம்? மெர்ல் ஹேகார்ட், கிராம் பார்சன்ஸ், எம்மிலூ ஹாரிஸ்னு எத்தனை பாடகர்கள் ரெக்கார்டுல அந்தக் கை இருக்கு!

"அதான் 2001ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் குடுத்தாச்சே"ன்னும் சொல்வாங்க. குடுத்தாங்க, "சைட்மேன்", அதாவது பக்கத்துணையா வாசிக்கிறவங்கங்கிற தனிப் பிரிவுல. அங்கயும் ஓரமாத்தான் உக்கார வச்சாங்க.

ரசனை அவங்கவங்க இஷ்டம், க்ரீடன்ஸ் எனக்கும் உசுரு. ஆனா அந்தக் கமெண்டுக்கு ஹார்ட்டின் போட்டவங்கள்ல ரெண்டு பேர் கிட்டார் சொல்லித் தர்றவங்க. உங்க பசங்களுக்கு இந்த ரிஃப்பத்தானே முதல்ல சொல்லிக் குடுக்குறீங்க? அடுத்த கிளாஸ்ல பேரையும் சேத்துச் சொல்லுங்க.