அப்பாவின் பென்ஷனும் என் வாயும்

முதலில் அந்தப் படம். போன வாரம் நான் போட்ட பென்ஷன் பதிவின் கீழே அண்ணாச்சி ஒருவர் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து ஒட்டினாரே, எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என்னுடைய பழைய ஆல்பத்தில் இருந்து எடுத்தது. காக்கி உடுப்பில் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் நிற்பார்கள். “இவர் பென்ஷனில் சோறு தின்றவன் இன்று பென்ஷனுக்குக் கணக்குக் கேட்கிறான்” என்று மேலே ஒரு வரி. முந்நூற்றுச் சொச்சம் லைக். அதில் பதினோரு பேர் என் சொந்தக்காரர்கள். உட்கார்ந்து எண்ணினேன். ஆமாம், எனக்கு வேறு வேலை இல்லை.

ஒரு சின்னத் திருத்தம் அண்ணாச்சி. அப்பா 2008ல் ரிட்டையர் ஆனபோது எனக்கு இருபத்தொன்பது வயது. நான் தின்றது அவருடைய சம்பளச் சோறு. பென்ஷன் சோறு தின்பது அவரும் அம்மாவும். திட்டுவதென்றாலும் விவரத்தோடு திட்டலாம் இல்லையா.

நான் கேட்டது ஒரே கேள்வி. இன்னொரு தடவை கேட்கிறேன். கடைசிச் சம்பளத்தில் பாதியைச் சாகும்வரை தருகிறோம், அகவிலைப்படி ஏற ஏற அதையும் ஏற்றித் தருகிறோம், அவர் போனபின் மனைவிக்கும் தருகிறோம் என்று ஒரு அரசாங்கம் வாக்குக் கொடுக்கிறதே, அந்தப் பணத்தை யார், எந்த வருஷம், எதில் எடுத்து வைத்தார்கள்? இவ்வளவுதான். “பென்ஷன் கூடாது” என்று நான் எழுதிய வரியை யாராவது காட்டினால் இந்த முகநூல் கணக்கையே மூடிவிட்டுப் போகிறேன்.

தீத்தொண்டு நாளன்று எழுதியதுதான் தப்பு என்கிறார்கள். ஏப்ரல் 14 என்றால் உங்களுக்குப் புத்தாண்டு, எங்கள் வீட்டில் அது வேறு நாள். 1944ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் செத்துப்போன நாள். வருஷப் பிறப்புக்கு அம்மா மாங்காய்ப் பச்சடி செய்து வைத்திருப்பாள், அப்பா ஸ்டேஷனில் மலர் வளையம் வைத்து முடித்து மத்தியானம்தான் வருவார். எனக்குத் தெரியாத தீத்தொண்டு நாளை நீங்கள் கற்றுத்தர வேண்டாம். எழிலகம் 2012, கொடுங்கையூர் 2017, மதுரை 2020. இந்த மூன்று தீ விபத்திலும் என்ன நடந்தது என்று கூகுளில் தேடாமல் சொல்ல முடிந்தவர்கள் மட்டும் என்னிடம் தியாகத்தைப் பற்றிப் பேசுங்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

அப்பா லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றவர். முப்பத்துநாலு வருஷம் சர்வீஸ், பெரும்பாலும் விருதுநகர் மாவட்டத்தில். அதாவது பட்டாசும் தீப்பெட்டியும் இருக்கிற பக்கம். இன்றைக்கு அவர் கைக்கு வருவது இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். ரிட்டையர் ஆன மாதம் வாங்கிய முழுச் சம்பளத்தைவிட இது அதிகம். எண்பது வயது தாண்டினால் அடிப்படைப் பென்ஷனில் இருபது சதவீதம் கூடும். தாண்ட வேண்டும், தாண்டுவார். அவர் வாங்குகிற ஒவ்வொரு ரூபாயும் அவருக்குத் தகும் என்று நான்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் அந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது? அப்பா சர்வீஸில் இருந்த முப்பத்துநாலு வருஷத்தில் அவர் பென்ஷனுக்கென்று யாரும் ஒரு பைசாவைத் தனியாக எடுத்து வைக்கவில்லை. பழைய பென்ஷன் திட்டத்தின் லட்சணமே அதுதான். அன்றன்றைக்கு வருகிற வரியில் அன்றன்றைக்குக் கொடுப்பது. 2024-25 பட்ஜெட்டில் ஓய்வூதியத்துக்கும் ஓய்வுக்காலப் பலன்களுக்கும் தமிழ்நாடு ஒதுக்கியது 37 ஆயிரம் கோடிக்கு மேல். வாங்குகிறவர்கள் குடும்ப ஓய்வூதியத்தையும் சேர்த்து ஏறத்தாழ ஏழு லட்சம் பேர். அந்த ஏழு லட்சத்தில் தீயணைப்புத் துறைக்காரர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? கொஞ்சம் பேர். ஆனால் போஸ்டரில் யார் படம்? எங்கள் அப்பா படம். பைல் தள்ளினவருக்கும் பாம்பு பிடித்தவருக்கும் பென்ஷன் சூத்திரம் ஒன்றே. கேள்வி வரும்போது மட்டும் பைல் தள்ளினவர் நைசாகப் பின்னால் போய் நின்றுகொண்டு ஹெல்மெட் போட்டவரை முன்னால் தள்ளிவிடுகிறார். எனக்கு எரிவது அங்கேதான்.

உடனே அரசு ஊழியர் எதிரி என்பீர்கள். என் மனைவியின் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. அவர்களே என்னைப் பிளாக் செய்துவிட்டார்கள். அது வேறு கதை.

அடுத்த கேள்வி எப்போதும் வருவதுதான்: “எம்.எல்.ஏ. பென்ஷனைக் கேட்டாயா?” கேட்கிறேன் சாமி. அஞ்சு வருஷம் மேஜை தட்டியதற்கு ஆயுசுக்கும் பென்ஷன் அநியாயம்தான். ஒழித்துவிடலாம். ஆனால் சபையில் இருப்பது 234 இடம். அதை ஒழித்து மிச்சமாகிற காசில் இந்த ஏழு லட்சம் பேருக்கு டீ வாங்கித் தரலாமா என்று நீங்களே பாருங்கள். கார்ப்பரேட் கடன் தள்ளுபடி, அதானி, அம்பானி என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது, சொல்ல இஷ்டமில்லை.

வெளிநாட்டைப் பார் என்றார் ஒரு தம்பி. அமெரிக்காவில் ஐம்பது வயதில் ஃபயர்மேன் ஓய்வு பெறுகிறான், ராஜா மாதிரி பென்ஷன், இங்கே பிச்சைக்காசுக்கு அழுகிறாய் என்று. பார்த்தேன் தம்பி. கலிபோர்னியாவில் 1999ல் ஒரு சட்டம் போட்டார்கள். சர்வீஸ் வருஷம் ஒவ்வொன்றுக்கும் மூன்று சதவீதம், ஐம்பது வயதில் போகலாம். முப்பது வருஷம் பார்த்தவனுக்குக் கடைசிச் சம்பளத்தில் தொண்ணூறு சதவீதம். பங்குச் சந்தை ஏறிக்கொண்டே போன காலம், பென்ஷன் நிதியில் பணம் பொங்குகிறது, அரசுக்குச் செலவே வராது என்றார்கள். முதலில் மாநில நெடுஞ்சாலைப் போலீஸுக்கு வந்தது. அதைப் பார்த்து ஊர் ஊராகத் தங்கள் போலீஸுக்கும் தீயணைப்புக்கும் அதையே கொடுத்தார்கள். அப்புறம் சந்தை விழுந்தது. வல்லேஹோ என்று ஒரு ஊர், லட்சத்துச் சொச்சம் ஜனம். கடற்படைக் கப்பல் பட்டறை 1996ல் மூடிப் போனபின் வரும்படி குறைந்துவிட்ட ஊர். அங்கே போலீஸும் தீயணைப்பும்தான் நகராட்சிப் பொது நிதியில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டன. 2008 மே மாதம் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? தீயணைப்பு நிலையங்களை மூடினார்கள். ரிட்டையர் ஆனவர்களின் பென்ஷனில் கைவைக்கவில்லை. வேலையில் இருக்கிறவனின் ஸ்டேஷனுக்குப் பூட்டு.

இன்னொரு ஊர், ரோட் ஐலண்டில் சென்ட்ரல் ஃபால்ஸ். நம்ம ஊர் பேரூராட்சி அளவுதான். 2011ல் திவால். அங்கே நேர் எதிர். ஓய்வு பெற்ற போலீஸ்காரர், தீயணைப்புக்காரர் பென்ஷனையே வெட்டினார்கள். சிலருக்கு 55 சதவீதம் வரை. அறுபது, எழுபது வயதில் மாதக் காசு பாதிக்கும் கீழே போனால் அவன் எங்கே போவான்? வாக்குக் கொடுத்த கவுன்சிலர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? கொடுத்த நாளில் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கேட்பதும் இதேதான். எடுத்து வைக்காத பணத்துக்கு வாக்குக் கொடுத்தால், ஒன்று வேலையில் இருக்கிற ஃபயர்மேன் தலையில் விழும், இல்லை ஓய்வு பெற்ற ஃபயர்மேன் தலையில் விழும். பைல் தள்ளினவருக்கும் விழும், அதைப் பற்றி எனக்குக் கவலை கொஞ்சம் கம்மி.

“தமிழ்நாடு திவால் ஆகாது, மாநில அரசு வேறு நகராட்சி வேறு.” ஒத்துக்கொள்கிறேன். நல்ல பாயிண்ட். ஆகாது. திவால் ஆவதற்குப் பதிலாக வேறொன்று நடக்கும், இங்கே ஏற்கெனவே நடந்துவிட்டது. 2003 ஏப்ரல் 1ஆம் தேதி கோடு போட்டார்களே. அதற்கு முந்தின நாள் சேர்ந்தவனுக்குப் பழைய பென்ஷன். அன்றைக்குச் சேர்ந்தவனுக்கு சி.பி.எஸ்., அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். தன் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தம், அரசு பத்து சதவீதம், மாதப் பென்ஷன் இல்லை, குடும்பப் பென்ஷனும் இல்லை. அப்பா தலைமுறைக்கு எடுத்து வைக்காத காசை மகன் தலைமுறையிடம் பிடுங்கினார்கள் என்று நான் சொன்னால் துரோகி.

2020 தீபாவளி விடிகிற ராத்திரி, மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை எரிந்தது. பழைய கட்டடம். இடிந்து விழுந்ததில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் போய்விட்டார்கள். இரண்டு பேருமே இளம் வயது. அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் சி.பி.எஸ்.தான். அப்பா அன்று ராத்திரி டிவியை அணைக்கவே இல்லை. பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே, “அந்தச் சுவர்கிட்ட நிக்கக் கூடாதுடா, நிக்கக் கூடாதுடா” என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்று அறிவித்தார்கள். மறுபடி கடைசிச் சம்பளத்தில் பாதி. ஊழியரிடம் பத்து சதவீதம், மீதி அரசு. உடனடியாகப் பதின்மூவாயிரம் கோடி, வருஷா வருஷம் பதினோராயிரம் கோடி ஆகும் என்று அவர்களே சொன்னார்கள். செலவைச் சொன்னதற்காவது பாராட்டுகிறேன். அறிவிப்பு வந்த நேரத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டேன், அதற்கும் ஒரு கூட்டம் வரும். என் கேள்வி: இதில் தீயணைப்பு வீரனுக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா? புகை குடித்தவனுக்கும் ஏசி அறையில் இருந்தவனுக்கும் இதிலும் அதே சூத்திரம்தான். ஓய்வு வயதை 2020ல் 59 ஆக்கி, 2021ல் 60 ஆக்கினார்களே, அப்போது எத்தனை பேர் வாய் திறந்தீர்கள்? ஐம்பத்தொன்பது வயதில் ஏணியில் ஏறி ஹோஸ் பிடித்துப் பாருங்கள். நான் சொல்வது, அவனை ஐம்பத்தைந்தில் விடுங்கள், நல்ல பென்ஷன் கொடுங்கள், அதற்கான காசை அவன் சேர்ந்த நாளில் இருந்தே தனியாக வையுங்கள். வேறு யாருக்கு வைக்கிறீர்களோ இல்லையோ. இதைச் சொன்ன நான் தீயணைப்பு வீரர்களுக்கு எதிரி.

அப்பா மூச்சு வாங்குவதை நீங்கள் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் மூச்சுக்கருவி எல்லாம் பேருக்கு ஒன்று ஸ்டேஷன் அலமாரியில் இருக்கும். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனவர்கள் இவர்கள். பட்டாசு ஆலைக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு நாளைக்குச் சளி கரிக்கட்டை நிறத்தில் வரும். அம்மா அந்த உடுப்பைத் தனி வாளியில் ஊறப் போடுவாள், தண்ணீர் மை மாதிரி ஆகிவிடும். எத்தனை தடவை துவைத்தாலும் கந்தக வாடை போகாது. அப்படி ஒரு அழைப்புக்குப் போய் வந்தால் பத்து நாளைக்கு வீட்டில் கறி எடுக்க மாட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போது வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று. போஸ்ட்மேன் வீட்டுக்கே மெஷின் கொண்டுவருகிறார், நல்ல ஏற்பாடு. அப்பாவின் விரலை வைத்தால் மெஷின் ஒத்துக்கொள்ளாது. ரேகை தேய்ந்து போயிருக்கிறது. பனியனில் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார். போன தடவை ஐந்தாவது முயற்சியில்தான் அவர் உயிரோடு இருப்பதாக மெஷின் நம்பியது. “பரவாயில்ல தம்பி, இன்னொரு தடவ வைக்கிறேன்” என்று போஸ்ட்மேனிடம் ஏதோ தான் தப்புச் செய்தது மாதிரி சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். இந்த மனுஷனுடைய பென்ஷனுக்கா நான் உலை வைக்கப் போகிறேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது எழுதப் போகிறீர்கள். பொறாமை என்று. ஆமாம், கொஞ்சம் பொறாமைதான், இப்போது திருப்தியா? இருபத்துமூன்று வருஷமாகத் தனியார் கம்பெனியில் இருக்கிறேன். என் பி.எஃப். பென்ஷனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பதினைந்தாயிரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். முப்பத்தைந்து வருஷம் உழைத்தால் மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு. டி.ஏ. கிடையாது. இன்று ஏழாயிரத்து ஐந்நூறு என்றால் பத்து வருஷம் கழித்தும் அதே ஏழாயிரத்து ஐந்நூறு. குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாய், 2014ல் இருந்து அதே ஆயிரம். எங்களுக்காக யாரும் போஸ்டர் அடிப்பதில்லை. பெட்ரோல் போடும்போதும் சோப்பு வாங்கும்போதும் நாங்கள் கட்டுகிற வரியில்தான் அந்த 37 ஆயிரம் கோடி. கேட்க எனக்கு உரிமை இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது? இதை அப்பாவிடம் கேட்டால்கூடப் பதில் சொல்லியிருப்பார். முகநூலில் கேட்டதுதான் என் புத்தி.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. யாரோ அந்தப் பதிவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். யாரென்று தெரியும், அந்தப் பதினோரு பேரில் ஒருவர். மூன்றாம் நாள் போன் செய்தார். நான் என் விளக்கத்தை எல்லாம் தயாராக வைத்திருந்தேன், வல்லேஹோ வரைக்கும். அவர் அதைக் கேட்கவே இல்லை.

“அந்தப் போட்டோவ எடுக்கச் சொல்லுடா. அதுல இடது ஓரமா நிக்கிறான் பாரு, அவன் சம்சாரம் பாத்தா அழும்” என்றார்.

இடது ஓரமாக நிற்கிறவர் சர்வீஸில் இருக்கும்போதே போனவர். தீயில் இல்லை, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்க இறங்கியவர். அந்த அம்மா குடும்பப் பென்ஷனில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது. மூத்தவன் என்னோடு ஒரே வகுப்பு.

அண்ணாச்சி, நேற்று இன்பாக்ஸிலும் சொன்னேன், பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. திட்டு எல்லாம் அப்படியே கிடக்கட்டும், ஒரு வரியும் நீக்க வேண்டாம். படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.