பிள்ளைக்கு இசை வரவில்லையா, கூடப் பாட ஆள் இல்லையா?

"ரெண்டு வருஷம் பாட்டு வகுப்புக்கு அனுப்பினோம், ஒண்ணும் ஏறல. அவனுக்கு அந்த ஞானமே இல்ல, நிறுத்திட்டோம்." பெற்றோர் இப்படிச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. உடனே இரண்டு கேள்வி கேட்பேன். வீட்டில் யாராவது பாடுவீர்களா? வகுப்பில் அவனோடு சேர்ந்து கற்றுக்கொண்டது யார்? பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்: யாரும் இல்லை. வாரத்தில் ஒருநாள் ஆசிரியர் முன்னால் அரைமணி நேரம். மற்ற நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாதகம், அதாவது பயிற்சி. ஏழு வயதுப் பிள்ளையை இப்படித் தனியே உட்காரவைத்துவிட்டு, ஞானம் இல்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். இது பெரிய அநியாயம்.

பிள்ளைகள் பார்த்துப் பழகுகிறவர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் தன் சமூகக் கற்றல் கோட்பாட்டை விரித்து எழுதியபோது, பார்த்துக் கற்பதற்கு நான்கு படிகளைச் சொன்னார்: கவனிப்பது, மனதில் நிறுத்துவது, செய்துபார்ப்பது, செய்யவேண்டும் என்ற உந்துதல். நம் இசை வகுப்புகள் முதல் மூன்றோடு மல்லுக்கட்டுகின்றன. நான்காவதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த உந்துதலோ, தன்னைப் போன்ற ஒருவர் ஆசையாகச் செய்வதைக் கண்ணால் பார்ப்பதில்தான் பெரும்பாலும் பிறக்கிறது.

தாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டோமசெல்லோவும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டரை வயது முதல் நாலரை வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஒரு மேளத்தைக் கொடுத்து, தாளத்தோடு சேர்ந்து தட்டச் சொன்னார்கள். ஒருமுறை எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டினார். ஒருமுறை இயந்திரம் தட்டியது. ஒருமுறை ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. மனிதரோடு சேர்ந்து தட்டியபோதுதான் பிள்ளைகளின் தாளம் நன்றாக ஒத்துப்போனது. கைபேசியில் மெட்ரோனோமை, அதாவது சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாளக் கருவியை, போட்டுக் கொடுத்துவிட்டு "தாளம் நிக்க மாட்டேங்குது" என்று வருத்தப்படும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மெட்ரோனோம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பிள்ளையின் முகத்தைப் பார்க்காது, தடுக்கினால் காத்திருக்காது. காணொளிப் பாடங்களுக்கும் இதே குறைதான்.

எனக்கு மிகப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. கீபோர்டில் ஸ்கேல், அதாவது ஸ்வரங்களை வரிசையாக, வாசிக்கும்போது மூன்றாவது விரல் முடிந்ததும் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து அடுத்த கட்டையைப் பிடிக்க வேண்டும். தொடங்குகிற பிள்ளைகள் எல்லாரும் சிக்குகிற இடம் இது. ஆசிரியர் நூறு தடவை சொல்லியிருப்பார். பக்கத்தில் இருக்கும் ஒன்பது வயதுக்காரி விளக்கமே சொல்லமாட்டாள். "இங்க பாரு, கட்டைவிரல் கீழ ஓடிடும்" என்று சொல்லி மெதுவாக ஒருமுறை வாசிப்பாள். சின்னவன் கட்டைகளைப் பார்க்கமாட்டான், அவள் மணிக்கட்டைப் பார்ப்பான். அடுத்த நிமிஷம் அவன் கட்டைவிரலும் ஓடும். அதோடு முடியாது, சொல்லிக்கொடுத்தவள் தன் விரலையும் ஒருதரம் சரிபார்த்துக்கொள்வாள்.

அது ஆசிரியரால் ஏன் முடியவில்லை? அவர் பெரியவர், அவருக்கு வருவதில் ஆச்சரியமில்லை என்று பிள்ளை நினைக்கிறது. தன்னைவிட ஓர் அடி முன்னால் நிற்கும் பிள்ளைக்கு வருகிறது என்றால், நமக்கும் வரும் என்ற தைரியம் பிறக்கிறது. இசைக்கு வெளியே இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1985-இல் டேல் ஷங்க், ஹான்சன் இருவரும் கழித்தல் கணக்கில் திணறிய பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வில், ஆசிரியர் போட்டுக்காட்டியதைப் பார்த்தவர்களைவிடச் சக மாணவர் போட்டுக்காட்டியதைப் பார்த்தவர்களுக்கே தன்னம்பிக்கையும் கூடியது, கணக்கும் நன்றாக வந்தது.

வீட்டுக்கு வருவோம். வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி, பிள்ளைகள் தாய்மொழியைப் பழகுவதுபோலவே இசையையும் பழகலாம் என்று நம்பியவர். அவர் முறையில் முதலில் தாயோ தந்தையோ ஒரு சின்ன உருப்படியாவது வாசிக்கக் கற்கவேண்டும். பிள்ளை அதைப் பார்த்து, "எனக்கும் குடு" என்று கேட்கவேண்டும். தனி வகுப்போடு கூட்டு வகுப்பும் உண்டு. நாமோ டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு "போ, போய் பிராக்டிஸ் பண்ணு" என்கிறோம். இசை என்பது இந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் விரும்பிச் செய்யாத வேலை என்பதைப் பிள்ளை அங்கேயே கற்றுக்கொள்கிறது.

சேர்ந்து கற்பதில் கெடுதலும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நல்லதைப் போலவே கெட்டதும் பார்த்தே ஒட்டிக்கொள்ளும். புல்லாங்குழலும் வயலினும் பெண்களுக்கு, டிரம்ஸும் டிரம்பெட்டும் ஆண்களுக்கு என்று மனிதர்கள் வாத்தியங்களைப் பிரித்து வைத்திருப்பதை ஏபெல்ஸ், போர்ட்டர் என்ற இருவர் 1978-இலேயே ஆராய்ந்து காட்டினார்கள். டிரம்ஸ் வாசிக்கும் ஒரு பெண்ணைக்கூட நேரில் பார்க்காமல் வளரும் சிறுமி எப்படி அதைக் கேட்பாள்? அதைவிட மோசம், எல்லார் முன்னாலும் நிறுத்தி "அவளைப் பார், எப்படிப் பாடுகிறாள்" என்பது. அந்த ஒரு வாக்கியத்தில் துணையாக இருந்தவள் எதிரியாகிவிடுகிறாள்.

தனி வகுப்பில்தான் குறைகளைத் திருத்த முடியும் என்று ஆசிரியர்கள் சொல்வதும் நியாயமே. சுருதி விலகுவதையும் வில் பிடிக்கும் கோணல் கையையும் கூட்டத்தில் கவனிப்பது கஷ்டம். அதனால் தனி வகுப்பை விடச் சொல்லவில்லை. அடுத்தடுத்து வரும் இரண்டு பிள்ளைகளின் நேரத்தைப் பதினைந்து நிமிஷம் ஒன்றாகச் சேர்த்துவையுங்கள், அது போதும். ஒரு பிள்ளை தாளம் போடட்டும், மற்றது வாசிக்கட்டும், பிறகு மாறட்டும். துணைக்கு உங்கள் வகுப்பிலேயே சிறந்த மாணவரைத் தேடாதீர்கள். போன மாதம் இதே பாடத்தில் திணறிக்கொண்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.