எல்டர் பூவைக் கழுவக் கூடாது

பிரிட்டனின் பருவகால பானங்கள் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் கார்டியல் (தண்ணீர் கலந்து குடிக்கும் இனிப்புப் பாகு) செய்ய, எல்டர் புதரின் வெள்ளைப் பூவைக் குழாயில் அலசச் சொல்வது தவறு. வாசனை தரும் மகரந்தம் அலசினால் போய்விடும். பூச்சி போக லேசாக உதறினால் போதும்.

மே கடைசியிலிருந்து ஜூனுக்குள், மழையில்லாத நாளில், வெயில் ஏறியபின் பறியுங்கள். பழுப்பேறிய பூ பூனை மூத்திர நாற்றம் அடிக்கும். 20 கொத்துக்கு 1.5 லிட்டர் தண்ணீர், 2.5 கிலோ சர்க்கரை, 2 எலுமிச்சை, 85 கிராம் சிட்ரிக் ஆசிட். சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்கவிடாமல் கரைத்து, பிறகு ஒரு கொதி வந்ததும் இறக்கி, பூவையும் மற்றதையும் போட்டு 24 மணி நேரம் மூடி வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பூவைப் போடுமுன் பச்சைக் காம்பை முடிந்தவரை நறுக்கிவிடுங்கள். கசப்பு மட்டுமல்ல, நச்சும் உண்டு. சர்க்கரையைப் பாதியாக்கினால் புளித்துப் பொங்கி பாட்டில் வெடிக்கலாம். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் சர்க்கரையைக் குறைத்து, ஃப்ரீஸரில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எல்டர் மரத்தண்டுள்ள புதர். இதேபோல் வெள்ளைப் பூவோடு, ஊதாப் புள்ளித் தண்டுடன் நிற்கும் செடி ஹெம்லாக்காக இருக்கலாம். அது கொடிய விஷம்.

இலையுதிர்காலத்து ஸ்லோ ஜின்னுக்கு (ஸ்லோ என்ற முட்புதரின் புளிப்புப் பழத்தை ஜின் மதுவில் ஊறவைத்தது) உறைபனிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பழத்தை ஓரிரவு ஃப்ரீஸரில் வைத்தால் தோல் தானே வெடிக்கும். 500 கிராம் பழம், 250 கிராம் சர்க்கரை, 70 சென்டிலிட்டர் ஜின். குறைந்தது மூன்று மாதம் ஊறட்டும். பறிக்கப் போகும்போது கட்டுரைப் படத்தில் இருக்கும் கம்பளி ஸ்வெட்டர் உதவாது, முள்ளில் மாட்டி இழை பிரியும். மெழுகு பூசிய ஜாக்கெட்டும் தோல் கையுறையும்தான் சரி. அந்த முள் உடைந்து சதைக்குள் தங்கினால் விரல் மூட்டு வீங்கக்கூடும்.