வழி தெரியாததற்கு ஆர்வமின்மை என்று பெயர் வைக்காதீர்கள்

சனிக்கிழமை கோவையில் நடந்த ஒரு கருத்தரங்கில் பேச்சாளர் ஒருவர் பேசியதைக் கேட்டேன். இளநிலையிலேயே ஆய்வு அனுபவம் இல்லாமல் இயற்பியல் முனைவர் படிப்புக்கு வருகிறவர்களுக்கு உண்மையான ஆர்வம் கிடையாதாம். அரங்கம் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த, என்னிடம் இயற்பியல் படிக்கும் அந்தியூர் மாணவி குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். மூன்று நாளாக அதுவே என் கண்ணில் நிற்கிறது.

ஆய்வு அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடப்புத்தகக் கணக்குக்குப் பின்பக்கத்தில் விடை இருக்கும். ஆய்வில் விடை வராமலே மாதக்கணக்கில் உட்காரப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் பெரிய சொத்து. ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது? நம் நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து இரண்டு மாதக் கோடைகால ஆய்வுத் திட்டம் நடத்துகின்றன. நல்ல திட்டம். அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டுமே!

எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பல்லடத்தில் அப்பா தறி ஓட்டினார். இறுதியாண்டில், நூலகத்தில் ஒரு இதழைப் புரட்டும்போது அந்த அறிவிப்பைப் பார்த்தேன். கடைசித் தேதிக்கு நான்கே நாள். பரிந்துரைக் கடிதம் கேட்டு ஆசிரியர் முன் நின்றேன். "நமக்கு எதற்குக் கண்ணு இதெல்லாம்? பி.எட். முடித்து வேலைக்குப் போகிற வழியைப் பார்" என்றார். அக்கறையில்தான் சொன்னார். கடிதம் கிடைக்கவில்லை. நிரப்பிய படிவம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எனக்கா ஆர்வம் இல்லை?

"எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே, தேடக் கூடாதா?" என்பீர்கள். பெயரே கேள்விப்படாத ஒன்றை எப்படித் தேடுவது? வீட்டின் முதல் பட்டதாரியை வைத்து யோசித்துப் பாருங்கள். தகுதியைக் குறைக்கச் சொல்கிறாயா என்றால், இல்லை. நேர்காணலில் எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் கேளுங்கள். வழி தெரியாததை ஆர்வமின்மை என்று மட்டும் எழுதாதீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஊட்டி. அங்கே முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. அதே ஊட்டியில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், 2014 டிசம்பரில் கடந்துபோன ஒரு இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான் என்ற நுண்துகள்களை வைத்தே அளந்தது. எங்கள் பிள்ளைகள் படகு இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கூட்டிக்கொண்டு போகாதவர்களில் நானும் ஒருவன். அந்த வலியும் சேர்ந்துதான் எழுதுகிறேன்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் மஞ்சள் ஒளி தரும் சோடியம் விளக்கைப் போட்டதும் முதலில் சிவப்பாக எரியும். மஞ்சள் வரும்வரை எல்லோரும் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் அந்தச் சில நிமிடங்களில், ஒளியை நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ராமீட்டரில் கண்ணை வைத்துச் சிவப்புக் கோடுகளின் கோணங்களைக் குறித்தாள். நேரம் போதாமல் நான்கு வாரம் திரும்பத் திரும்பச் செய்தாள். பிறகு அலைநீளங்களைக் கணக்கிட்டு, "சார், இந்தச் சிவப்பு சோடியத்தோடது இல்லை, உள்ளே இருக்கிற நியான் வாயுவோடது" என்று வந்து நின்றாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. மதிப்பெண்ணும் கிடையாது.

விண்ணப்பத்தில் ஆய்வு அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதினாய் என்று நேற்றுக் கேட்டேன்.

"கோடு போட்டுவிட்டேன் சார்" என்றாள்.